எட்டு போடும்போது கால் ஊன்றுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 43. அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். ஸ்கூட்டருக்கு எல்.எல்.ஆர். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. நேராக ஓட்டுவதில் பயமில்லை. எட்டு போடும்போது மட்டும் கால் தானாகக் கீழே போய்விடுகிறது. அதனால் தேர்வுக்குப் போகாமலே தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்கிறேன். வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறேன். ஆறு மாதம் முடிந்ததும் மறுபடியும் ஒரு எல்.எல்.ஆர். போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம் சகோதரி. மகளை ஏற்றிச் செல்வதை முதலில் நிறுத்துங்கள். எல்.எல்.ஆர். பழகுவதற்குத் தந்த அனுமதி. பிழைப்புக்கு ஓட்டுவதற்குத் தந்தது அல்ல. லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்து கற்றுத்தர வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆவது விதி. இரு சக்கர வண்டியில் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது; பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கூடாது. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். அட்டை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 செ.மீ. உயரம். விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அது கணக்கில் வராது.

உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, யார் ஓட்டலாம் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் இதே 3ஆவது விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று இருக்கும். ஏதாவது நடந்துவிட்டால் இழப்பீடு கேட்டு நிற்கும் நேரத்தில் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக எழுந்து நிற்கும். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இனி எட்டுக்கு வருவோம். மதுரையில் பல வருடங்களாகப் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கித் தருகிறேன். கால் ஊன்றுகிறவர்களில் பெரும்பாலோர் ஊன்றுவது ஒரே இடத்தில்தான். முதல் வளையத்தை நன்றாக முடிப்பார்கள். இரண்டு வளையங்களும் சேரும் நடு இடத்துக்கு வந்ததும், அடுத்த பக்கம் திரும்ப வேண்டுமே என்ற பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மொத்தமாக விட்டுவிடுவார்கள். வேகம் செத்ததும் வண்டி சாயும், கால் இறங்கும். உங்களுக்கும் அங்கேதான் நடக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால், குறை உங்கள் காலில் இல்லை, வலது கையில் இருக்கிறது.

ஆக்சிலேட்டரை மெல்லிய ஒரே அளவில் பிடித்திருங்கள். வேகம் கூடுவதாகத் தோன்றினால் இடது கை பிரேக்கை லேசாக அழுத்திச் சமாளியுங்கள், ஆக்சிலேட்டரை விடாதீர்கள். வலது கை பிரேக் பக்கமே போகாதீர்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி சட்டென்று படுத்துவிடும். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து எந்த வளைவுக்குப் போகப் போகிறீர்களோ அங்கே பார்க்க வேண்டும். முகம் திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் வண்டி தானாகத் திரும்பும்.

மாலையில் காலியாக இருக்கும் ஒரு மைதானத்தில் கோலமாவால் பெரிய எட்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு லைசென்ஸ் இருந்தால் அவரைக் கூட வரச் சொல்லுங்கள். அந்த எட்டில் தடுமாறாமல் சுற்ற வந்த பிறகு அதைவிடச் சிறியதாக ஒன்று போடுங்கள். சேலை கட்டினால் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டே பழகுங்கள். தலையில் திடீரென்று ஏறும் அந்தக் கனம் தேர்வு நாளில் புதிதாக இருக்கக் கூடாது.

இந்த எட்டு வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காய்கறிக் கடைகளும் ஆட்டோக்களும் நெருக்கும் தெருவில் மெதுவாக, இரண்டு பக்கமும் வளைந்து, கால் ஊன்றாமல் போகத் தெரிகிறதா என்பதைத்தான் ஆய்வாளர் அங்கே பார்க்கிறார். எட்டு போடாமலே வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்து நாள் கணக்கு. எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். உங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. தோற்றால் 7 நாள் கழித்துத்தான் மறுதேர்வு. மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். கையில் நான்கு மாதம் இருக்கிறது. இப்போதே தேதி வாங்கினால் அந்த 60 நாள் குறுக்கிட்டாலும் சமாளிக்கலாம். ஐந்தாவது மாதம்வரை தள்ளிப்போட்டால் முடியாது. பழகிய அதே ஸ்கூட்டரில் போங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் காலாவதி ஆகவில்லையா என்று முந்தின நாளே பாருங்கள். உங்கள் வயதுக்கு லைசென்ஸ் 10 வருடம் செல்லும். அது கைக்கு வந்த பிறகு மகளைப் பின்னால் உட்கார வையுங்கள், அவளுக்கும் ஒரு ஹெல்மெட்டோடு.

கேள்வி: மகனுக்கு 17 வயது. கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதிலேயே லைசென்ஸ் உண்டாமே? 110 சி.சி. ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நீங்கள் சொல்லும் ஸ்கூட்டருக்கு 18 நிறைய வேண்டும். அதற்கு முன் அவன் ஓட்டிப் பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல் வரும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுவரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. ஒரு வருடம் பொறுங்கள், ஐயா. அதுவரை பஸ்ஸும் சைக்கிளும் இருக்கின்றன.

கேள்வி: ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்து லைசென்ஸ் வாங்கினேன். இப்போது 350 சி.சி. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன். இதே லைசென்ஸ் போதுமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: போதாது தம்பி. உங்கள் அட்டையில் கியர் இல்லாத இரு சக்கர வண்டி என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அபராதம் 5,000 ரூபாய். கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்துக் கியர் வண்டியிலேயே எட்டு போட வேண்டும். அதற்கு 350ஐக் கொண்டு போகாதீர்கள். நண்பரிடம் 100 அல்லது 125 சி.சி. வண்டி இருந்தால் அதில் பழகி, அதிலேயே தேர்வு கொடுங்கள். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்துச் சுற்ற லேசான வண்டிதான் வசதி. தேறிவிட்டால் பழைய லைசென்ஸ் எண்ணிலேயே கியர் வண்டியும் சேர்ந்துவிடும்.