வாசகர் கேள்வி – வரலாற்றாசிரியர் பதில்: மெக்கின்லியின் அமெரிக்காவும் இன்றைய அமெரிக்காவும்

அமெரிக்காவின் இறக்குமதி வரிகள், அங்கே பெருகிவரும் செல்வ ஏற்றத்தாழ்வு, குடியேற்றக் கெடுபிடிகள் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இறக்குமதிக்கு வரி போட்டுத்தான் அமெரிக்கா செல்வந்த நாடானது என்று அதிபர் ட்ரம்ப் சொல்கிறார். அதற்குச் சான்றாக 1897 முதல் 1901 வரை அதிபராக இருந்த வில்லியம் மெக்கின்லியைக் காட்டுகிறார். வரலாறு இதை ஒப்புக்கொள்கிறதா?

பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் அந்த நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கா உயர்ந்த சுங்க வரிகளை வைத்திருந்தது. அதே காலத்தில்தான் பிரிட்டனை மிஞ்சும் தொழில் நாடாகவும் வளர்ந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதற்காக ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. 1869இல் யூட்டாவில் வந்து இணைந்த கண்டம் கடக்கும் இரயில் பாதை, மாநிலங்களுக்கிடையே எந்தச் சுங்கத் தடையும் இல்லாத மாபெரும் உள்நாட்டுச் சந்தை, பென்சில்வேனியாவின் நிலக்கரி, மினசோட்டாவின் இரும்புத் தாது, பிரிட்டனிலிருந்து வந்த முதலீடு, எல்லாவற்றுக்கும் மேலாக 1870க்கும் 1900க்கும் இடையே வந்திறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடியேறிகளின் உழைப்பு ஆகியவற்றை விட்டுவிட்டு அந்த வளர்ச்சியை யாராலும் விளக்க முடியாது. மேலும், அன்று நிரந்தரமான வருமான வரி இல்லாததால் அரசின் கஜானாவே சுங்கத்தை நம்பி இருந்தது.

மெக்கின்லியின் கதையை முழுதாகப் படிப்பவர்களுக்கு வேறொரு சித்திரம் கிடைக்கும். அவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த 1890இல் அவர் பெயரால் நிறைவேறிய சட்டம், வரிக்குட்பட்ட இறக்குமதிகள் மீதான சராசரித் தீர்வையை ஏறக்குறைய 50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. தகரத் தகடு போன்ற அன்றாடப் பண்டங்களின் விலை ஏறும் என்ற அச்சம் வீடுகளில் பரவிய வேளையில் தேர்தல் வந்தது. பிரதிநிதிகள் சபையில் அவருடைய குடியரசுக் கட்சி தன் இடங்களில் பாதியை இழந்தது, மெக்கின்லியும் தோற்றார். அவர் மீண்டு வந்து 1896இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது வேறு கதை. 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோ நகரப் பொருட்காட்சியில் பேசியபோது, தனித்து ஒதுங்கி வாழும் காலம் முடிந்துவிட்டது, வர்த்தகப் போர்களால் ஆதாயமில்லை, பிற நாடுகளோடு பரஸ்பர உடன்பாடு செய்துகொள்வதே வழி என்று கூட்டத்துக்குச் சொன்னார். மறுநாளே அதே பொருட்காட்சியில் அவர் சுடப்பட்டார். 14ஆம் தேதி உயிர் பிரிந்தது. மெக்கின்லியைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அவருடைய இந்தக் கடைசி உரையையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

1930இல் வந்த ஸ்மூட்–ஹாலி இறக்குமதி வரிச் சட்டம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை உண்டாக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அது மிகை, பங்குச் சந்தை அதற்கு முந்தைய ஆண்டே சரிந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டு எச்சரித்தும் அதிபர் ஹூவர் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டம், கனடா போன்ற நெருங்கிய வாடிக்கையாளர்களையே பதிலடிக்குத் தூண்டி, விழுந்துகிடந்த வர்த்தகத்தை மேலும் நசுக்கியது என்பதே சரியான கணிப்பு.

வரி விகிதத்தைவிட எனக்குக் கவலை தருவது, வரி போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு அதைக் காங்கிரஸிடம், அதாவது நாடாளுமன்றத்திடம், ஒப்படைத்திருக்கிறது. 1890இலும் 1930இலும், நல்லதோ கெட்டதோ, விவாதித்து வாக்களித்தது காங்கிரஸ்தான். அதற்கான தண்டனையையும் தேர்தலில் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் உலகம் முழுவதற்கும் வரி அறிவித்தபோது அதிபர் பயன்படுத்தியது 1977ஆம் ஆண்டின் நெருக்கடிகால அதிகாரச் சட்டம். அந்தச் சட்டத்தில் இறக்குமதி வரி என்ற பேச்சே இல்லை. அது நீதிமன்றங்களுக்குப் போனதில் வியப்பில்லை.

கேள்வி: எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர், எஃகு முதலாளி கார்னகி ஆகியோரின் காலம் திரும்பிவிட்டது என்கிறார்களே, அது சரியான ஒப்பீடுதானா? அப்படியானால் அந்தக் காலம் எப்படி முடிவுக்கு வந்தது?

ஒப்பீட்டில் நியாயம் இருக்கிறது. 2024 தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரு தனிமனிதர் 25 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டார். 2025 ஜனவரியில் அதிபர் பதவியேற்றபோது உலகின் மிகப் பெரிய தொழில்நுட்பச் செல்வந்தர்கள் மேடையிலேயே அமர்ந்திருந்தார்கள். நிறுவனங்கள் தேர்தலுக்காகத் தனித்துச் செலவிடும் தொகைக்கு வரம்பு விதிக்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் இதற்குப் பாதை போட்டது. ஆனால் 1890களின் தொழிலாளிக்கு முதியோர் ஓய்வூதியமோ வேலையிழப்பு நிவாரணமோ முதுமையில் அரசு மருத்துவக் காப்பீடோ கிடையாது. இன்றைய தொழிலாளிக்கு, குறைகளோடுதான் என்றாலும், அவை உண்டு. இந்த வேறுபாட்டைச் சிறியது என்று நான் எண்ணவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஊசல் ஒரு பக்கம் போனால் தானாக மறுபக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை அமெரிக்கர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆவணங்களைப் பார்த்தால் அதற்கு ஆதாரம் கிடைப்பதில்லை.

பிட்ஸ்பர்க் அருகே ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் 1892இல் நடந்ததைப் பாருங்கள். கார்னகியின் எஃகு ஆலையில் கூலி ஒப்பந்தம் முடிந்ததும் மேலாளர் ஃபிரிக் கூலியைக் குறைக்க முனைந்தார், தொழிற்சங்கத்தை ஒழிக்கவும் தீர்மானித்தார். ஆலையைச் சுற்றி உயரமான வேலி எழுப்பிக் கதவடைப்புச் செய்தார். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஜூலை 6 அதிகாலையில் பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆயுதம் தாங்கிய ஆட்கள் 300 பேர் மொனோங்கஹேலா ஆற்றில் படகுகளில் வந்தார்கள். தொழிலாளர்களும் ஊர் மக்களும் கரையில் திரண்டு நின்றார்கள். பகல் முழுவதும் நீடித்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. வந்தவர்கள் மாலையில் சரணடைந்தார்கள். ஆனால் சில நாட்களில் மாநிலத்தின் படை வந்திறங்கியது, சங்கம் முறிந்தது. கார்னகியின் ஆலைகளை விழுங்கி வளர்ந்த யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது 1937இல். இடையில் 45 ஆண்டுகள். ஹோம்ஸ்டெட் கரையில் நின்ற பலர் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

மற்ற சீர்திருத்தங்களும் இப்படித்தான் வந்தன. 1894இல் காங்கிரஸ் விதித்த வருமான வரியை மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசியல் சாசனத்தைத் திருத்தி அதை மீட்டெடுக்க 1913 வரை ஆனது. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1911இல் 34 துண்டுகளாக உடைக்கப்பட்டதற்குப் பின்னால் ஐடா டார்பெல் என்ற பத்திரிகையாளர் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேடி எழுதிய தொடர் இருந்தது. 1935இல் தொழிலாளர் உரிமைச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தபோதுகூட, தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளை இழக்காதபடி விவசாயக் கூலிகளும் வீட்டுவேலை செய்பவர்களும் விலக்கப்பட்டார்கள். அப்படி விலக்கப்பட்டதால் தெற்கிலிருந்த கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டும்.

பெற்றவற்றை இழப்பதும் தானாக நடக்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் உழைப்பாளிகளில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார்; இன்று பத்தில் ஒருவர்தான். அன்று உச்சபட்ச வருமான வரி விகிதம் 91 சதவீதம், இன்று 37. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரேகன் பணிநீக்கம் செய்தது தனியார் முதலாளிகளுக்கும் ஒரு சமிக்ஞையானது. ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. இவை ஒவ்வொன்றும் யாரோ எடுத்த முடிவு, அல்லது யாரோ எடுக்க மறுத்த முடிவு.

கேள்வி: வட்டியைக் குறைக்கச் சொல்லி மத்திய வங்கியை அதிபர் வற்புறுத்துவது புதிதா?

வற்புறுத்தல் பழையது, இந்த அளவுக்குப் பகிரங்கமாகச் செய்வதும், வங்கியின் ஆளுநர் குழு உறுப்பினர் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்க 2025இல் முயன்றதும் புதியவை. 1972 தேர்தலுக்கு முன்பு அதிபர் நிக்சன், மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் ஆர்தர் பர்ன்ஸைத் தனியறையில் நெருக்கியது வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில் பதிவாகியிருக்கிறது. பணக் கொள்கை தளர்த்தப்பட்டது, நிக்சன் பெருவெற்றி பெற்றார். அதற்குப் பிறகு எண்ணெய் விலை உயர்வும் சேர்ந்துகொண்டதால் பணவீக்கம் பத்தாண்டுகள் வாட்டியது. அதை அடக்க வங்கித் தலைவராக வந்த பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினார். 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. வீடு கட்டத் தொழில் இல்லாமல் போன கட்டுமானக்காரர்கள், இனி இவற்றால் பயனில்லை என்று மரச்சட்டத் துண்டுகளை அவருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். ஒரு தேர்தலுக்காகச் செய்த சலுகைக்கு விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

கேள்வி: இவ்வளவு அதிருப்தி இருந்தும் அங்கே மூன்றாவது கட்சி ஏன் எழவில்லை?

எழுந்திருக்கிறது; ஆட்சியைப் பிடிக்கவில்லை. அநேகமாக ஒவ்வொரு மாநிலத்திலும் முதலில் வந்தவருக்கே, அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போய்விடும்; 538இல் 270 பெற்றால்தான் அதிபர். 1992இல் ராஸ் பெரோ சுமார் 19 சதவீத மக்கள் வாக்குகளைப் பெற்றும் ஒரு தேர்வாளர் வாக்குகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் 1892இல் விவசாயிகள் கூடி அமைத்த மக்கள் கட்சியின் அறிக்கையைப் பாருங்கள்: வருமானத்துக்கேற்ப ஏறும் வரி, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. கட்சி சில ஆண்டுகளில் கரைந்துபோனது. அந்த இரண்டு கோரிக்கைகளும் 1913க்குள் பெரிய கட்சிகளின் கையாலேயே நிறைவேறின.

கேள்வி: எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், பிறப்புவழிக் குடியுரிமைக்குத் தடை என்று வரும் செய்திகள், பிள்ளைகளை அங்கே வைத்திருக்கும் எங்களைக் கலங்கச் செய்கின்றன. குடியேறிகளின் நாடு இப்படி மாறலாமா?

உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்ததாக எண்ண வேண்டாம். சீனத் தொழிலாளர்களை 1882இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்தத் தடை 1943வரை நீடித்தது. அந்தத் தடையின் நடுவேதான் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியபோது கரையிறங்க விடாமல் தடுக்கப்பட்டார். அவர் வழக்காடினார். மண்ணில் பிறந்ததால் அவர் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பிறப்பித்த ஆணை கைவைக்க முயல்வது அந்தத் தீர்ப்பின் மேல்தான். கீழமை நீதிமன்றங்கள் ஆணையை உடனே நிறுத்திவைத்ததும் அதனால்தான்.

இந்தியர்களின் அனுபவம் இன்னும் கசப்பானது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமகனாக முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதன்பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களில் ஒருவர். எந்த நாட்டுக்கும் குடிமகனாக இல்லாத நிலையில் 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1946இல் குடியுரிமை மீண்டும் கிடைத்தபோதும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கே குடியேற அனுமதி. அந்தச் சட்டத்தால் குடிமகனான தலிப் சிங் சௌந்த், பத்தே ஆண்டுகளில், 1956இல், கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1965இன் குடியேற்றச் சட்டம்தான் கதவை அகலத் திறந்தது. எச்-1பி 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. செய்திகளைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரின் கட்டணம் அதிபரின் பிரகடனத்தால் வந்தது. வேறொரு அதிபர் அதைக் கையெழுத்திலேயே நீக்கிவிட முடியும். ஆனால் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு உங்கள் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குக் காரணம், எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 1990இன் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும் வரம்பு. அதைக் காங்கிரஸ் மட்டுமே மாற்ற முடியும். இரு கட்சிகளும் மாறி மாறிப் பெரும்பான்மை பெற்றிருந்தும் இதுவரை மாற்றவில்லை.