வாயு உணரி மென்படலம்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: வாயு உணரியில் படலமாகப் போடும் டின் ஆக்சைடுக்கு வாயு வந்தது எப்படித் தெரிகிறது?
ப: சுமார் 300 டிகிரி சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறி நிற்கும். கார்பன் மோனாக்சைடு வந்து அந்த ஆக்சிஜனைக் கொண்டுபோனால் எலக்ட்ரான் திரும்பிவிடும், தடை இறங்கும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு நேர் எதிர், தடை ஏறும்.

கே: ஸ்ப்ரே பைராலிசிஸில் (கரைசலைச் சூடான தகட்டில் தெளித்துப் படலமாக்கும் முறை) துத்தநாக ஆக்சைடு போடுகிறேன். அலுமினியம் எத்தனை சதவீதம் சேர்க்கலாம்?
ப: எதற்கு என்று சொல்லவில்லையே. மின்சாரம் நன்றாகக் கடத்தினால் போதும் என்றால் ஒன்றிரண்டு சதவீதம் சரி. வாயுவுக்கு என்றால், அலுமினியம் தந்த எலக்ட்ரான் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கும் படலத்தில் ஆக்சிஜன் பிடுங்கும் கொஞ்சம் ஒரு பொருட்டே ஆகாது. அளவு மீறினால் அலுமினியம் உள்ளே இடமில்லாமல் படிகமணிகளின் எல்லையில் போய்த் தேங்கும். குறைவிலிருந்து படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். ஈரப்பதத்தைக் குறித்துவையுங்கள்.

கே: எம்க்யூ-135 (கடையில் கிடைக்கும் வாயு உணரி) ரீடிங் நிற்கவே மாட்டேன் என்கிறது.
ப: ஹீட்டரை ஒரு நாள் முழுக்கப் போட்டுவைத்துவிட்டுப் பாருங்கள்.

கே: எம்க்யூ-2வும் அப்படித்தான்.
ப: மேலே படியுங்கள்.

கே: டின் ஆக்சைடில் பல்லேடியம் சேர்த்தும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) பீக் இம்மியும் நகரவில்லை. உள்ளே போகவில்லையா?
ப: பெரும்பாலும் போயிருக்காது. மேலே சிறு துகள்களாக உட்கார்ந்திருக்கும். அதுதான் நல்லது.

கே: நல்லதா? லாட்டிஸுக்குள் (படிகத்தின் அணு அடுக்குக்குள்) போனால்தான் பலன் என்கிறார் எங்கள் கைடு.
ப: அவரோடு சண்டை மூட்டிவிடாதீர்கள் தம்பி. ஆனால் வாயு வந்து தொடுவது மேற்பரப்பைத்தானே? துகள்கள் பல்லேடியம் ஆக்சைடாக இருக்கும்போது கீழேயுள்ள டின் ஆக்சைடிலிருந்து எலக்ட்ரானை இழுத்து வைத்திருக்கும், அதனால் தடை இன்னும் மேலே நிற்கும். ஹைட்ரஜன் வந்து அதை உலோகமாக்கியதும் பிடி விட்டுப்போகும், தடை சரசரவென்று விழும். போதாததற்குப் பல்லேடியம் ஹைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிரித்துப் பக்கத்து ஆக்சைடின் மேல் தள்ளிவிடும். உள்ளே புதைந்த பல்லேடியத்தால் இந்த வேலை ஆகுமா, அவரிடமே கேளுங்கள். அப்புறம் எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பு அணுக்களின் வேதிநிலையைப் பார்க்கும் சோதனை) எடுங்கள், பல்லேடியம் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

கே: அறை வெப்பநிலையிலேயே எத்தனாலைக் காட்டுகிறது சார்!
ப: ஈரப்பதம் எவ்வளவு? 1962இல் ஜப்பானில் செய்யாமா குழு துத்தநாக ஆக்சைடு படலத்தை 400 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் காட்டியது. சூடில்லாத படலத்தின் மேல் நீர் படிந்திருக்கும், அதுவும் மின்சாரம் கடத்தும். உலர் காற்றில் மறுபடி செய்துவிட்டு வாருங்கள்.

கே: எனக்கும் அறை வெப்பநிலையில்...
ப: ஈரப்பதம்!

கே: வாராவாரம் சிக்னல் குறைகிறது. சேம்பரைச் சிலிகான் பசையால் அடைத்திருக்கிறேன்.
ப: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அதன் ஆவி சூடான பரப்பில் சிலிக்காவாகப் படிந்துவிடும். பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் படலம் போடுங்கள்.