கழுத்தில் போடும் 'குவாண்டம்' பெண்டன்டிலிருந்து என்ன வருகிறது?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. சொந்தக்காரர் ஒருவர் 'குவாண்டம் பெண்டன்ட்' என்று கறுப்பாக, வட்டமாக ஒன்றை 3,500 ரூபாய்க்கு விற்றார். அதன்மேல் ஒரு மீட்டரை வைத்து நெகட்டிவ் அயான் எண் ஏறுவதையும் காட்டினார். செல்போன் கதிர்வீச்சைத் தடுக்குமாம். இரவு தண்ணீரில் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சொல்கிறார். நம்பலாமா? - வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பேட்டரி, கரன்ட் எதுவும் இல்லாத ஒரு தட்டு ராத்திரி பகலாகக் காற்றை அயனியாக்குகிறது (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது; அவர் சொன்ன அயானும் இந்த அயனிதான்) என்றால், உள்ளே கதிரியக்கப் பொருள் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இந்த வகைப் பொருள்கள் பலவற்றில் தோரியம், யுரேனியம் உள்ள தாதுப்பொடியைச் சேர்க்கிறார்கள். நல்ல சக்தி என்று காட்டிய அந்த எண், கதிர்கள் காற்றைத் தாக்கியதால் ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் பெண்டன்ட், கைவளையம், கண்பட்டை என்று 10 பொருள்களைக் குறிப்பிட்டு, யாரும் அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. கதிர்வீச்சு குறைவுதான், ஆனால் ஓராண்டு முழுக்க 24 மணி நேரமும் போட்டிருந்தால் தோலுக்கான வரம்பைத் தாண்டக்கூடும் என்றார்கள்.

தோரியம்-232 உமிழ்வது ஆல்ஃபா துகள், அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஹீலியம் அணுக்கரு. கனமானது, சட்டென்று ஆற்றலை இழந்துவிடும், அதனால் ஒரு தாளோ தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கோ போதும், நின்றுவிடும். இதோடு முடிந்தால் கவலையில்லை. ஆனால் தோரியம் ரேடியம்-228 ஆகிறது, அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலக்ட்ரான் வெளியே பாய்கிறது, அதுதான் பீட்டா (கூடவே ஆன்டிநியூட்ரினோ என்ற நுண்துகள் ஒன்றும் போகும், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது). இப்படி ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா வெளியேறிய பிறகுதான் ஈயம்-208 ஆகி அடங்குகிறது. வழியில் அணுக்கருவில் மிஞ்சும் ஆற்றல் காமா கதிராக வரும். தாலியம்-208 சிதையும்போது வரும் காமாவின் ஆற்றல் 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட், உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும் அளவு. பீட்டா தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும், ஆனால் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் பொருளில் அதையே நாம் முதலில் கவனிக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்றால், பொடி உதிர்ந்து வயிற்றுக்குள் போனால் தடுக்க அங்கே இறந்த தோல் இல்லை. வெளியே ஒரு தாளில் நின்ற அதே ஆல்ஃபா, உள்ளே தன் ஆற்றல் முழுவதையும் பக்கத்துச் செல்களில் கொட்டிவிடும்.

செல்போன் அனுப்புவது ரேடியோ அலை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு அதற்கு இல்லை, பெண்டன்ட் அதைத் தடுப்பதும் இல்லை. முழங்காலுக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பெண்டன்டை உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம், கவரில் போட்டு ஒரு டப்பாவில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி. பில், வாட்ஸ்அப் விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பணம் திரும்பாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. சொந்தக்காரர் என்று தயங்காதீர்கள், அவரும் யாரோ சொன்னதை நம்பி வாங்கியவராகவே இருக்கலாம்.

கேள்வி: இந்த மாதிரிப் பெண்டன்டைச் சோதிக்க ஆன்லைனில் கீகர் கவுண்டர் (கதிர்வீச்சை எண்ணும் கருவி) வாங்கலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன டியூப் என்று பாருங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் கண்ணாடி அல்லது உலோக டியூப், அதன் சுவரை ஆல்ஃபா தாண்டாது, பீட்டாவும் காமாவும்தான் பதிவாகும். மூன்றும் வேண்டுமென்றால் மைக்கா ஜன்னல் (ஆல்ஃபாவும் நுழையக்கூடிய மெல்லிய தகடு) உள்ளதைக் கேளுங்கள். பொருளை ஒட்டி வைத்து எண்ணுங்கள், இடையில் ஒரு தாளை வைத்ததும் எண்ணிக்கை இறங்கினால் அந்தக் குறைந்த பங்கு ஆல்ஃபா, சில மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டுக்கு இறங்கினால் பீட்டா, அதன் பிறகும் சாதாரண அறை அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் காமா. திரையில் வரும் மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பொதுவாகக் காமாவுக்காக அளவுதிருத்தம் செய்யப்பட்டது.