லேத் பட்டறையும் குவாண்டம் கணினியும்

அன்புள்ள ஐயா,

கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். ஆந்திராவின் அமராவதியில் அமையவிருக்கும் குவாண்டம் பள்ளத்தாக்கு என்னும் தொழில்நுட்பப் பூங்காவைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தேன். ஒரு கணினியை வாங்கி வைப்பதால் அதைச் சுற்றி ஒரு தொழில் நகரம் உருவாகிவிடுமா? எங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடம் உண்டா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அமராவதியில் 156 குபிட் (குவாண்டம் கணினி தகவலைத் தாங்கும் அடிப்படை அலகு) கொண்ட ஹெரான் என்னும் செயலியுடன் ஐபிஎம் நிறுவனத்தின் குவாண்டம் கணினி நிறுவப்படும் என்று 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். அம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் 2016 ஆம் ஆண்டிலேயே ஐபிஎம் தன் குவாண்டம் கணினி ஒன்றை இணையம் வழியாக எவரும் இயக்கிப் பார்க்கத் திறந்துவிட்டது. கணக்குப் போடுபவர் கணினி இருக்கும் ஊரில் இருக்க வேண்டியதில்லை என்னும்போது, அது வந்து இறங்குவதாலேயே தொழில் வளர்ந்துவிடாது. அதன் உறுப்புகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் அந்த ஊரில் பெருக வேண்டும்.

நெதர்லாந்தின் லைடன் நகரை எண்ணிப் பாருங்கள். ஹெலிய வாயுவைக் கடுமையாகக் குளிரூட்டித் திரவமாக்க முயன்றுகொண்டிருந்த இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ், 1901 இல் கருவி செய்வோருக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். கண்ணாடி ஊதவும் உலோகம் கடையவும் அவரது ஆய்வகத்தில் பழகிய பையன்களை, அவர்கள் அணிந்த மேலங்கியின் நிறத்தால், 'நீலப் பையன்கள்' என்று அழைத்தார்கள். 1908 ஜூலை 10 அன்று ஹெலியம் திரவமானது. இன்றைய குவாண்டம் கணினிகள் பலவற்றைக் குளிர்விக்கும் ஹெலியக் கலவைக் குளிர்கருவி 1960களில் முதன்முதலாக இயங்கியதும் அதே லைடனில்தான். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ரயிலில் அரை மணிக்குள் சென்றுவிடக்கூடிய டெல்ஃப்ட் நகரில் இப்போது ஒரு நிறுவனம் கடுங்குளிரைத் தாங்கும் கம்பிவடங்களைச் செய்கிறது. இன்னொன்று குபிட்டுகளை இயக்கும் மின்னணுக் கருவிகளைச் செய்கிறது.

அத்தகைய குளிர்கருவி ஒன்றை, உறை கழற்றிய நிலையில், ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பொன்முலாம் பூசிய செம்புத் தட்டுகள் கோயில் தூக்குவிளக்கைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. இயங்கும்போது கடைசித் தட்டின் வெப்பநிலை, தனிச்சுழிக்கு (குளிரின் கடைசி எல்லையான சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்கு) மேல் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அன்று ஒரு தொழில்நுட்பர் வெல்டிங் செய்த இடங்களின்மேல் ஹெலியத்தை மெல்லப் பீய்ச்சியபடி, கசிவு காட்டும் கருவியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை முழுவதும் அந்த ஒரே வேலைதான்.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு லேத்தில் எப்படி டூலில் ஒட்டிக்கொண்டு படுத்தும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களிடம் கைத்திறன் இருக்கிறது. நீங்கள் கடைந்த வளையம் கடுங்குளிரில் சுருங்கும்போது பற்று விட்டுக் கசிகிறதா என்று சோதிக்கத்தான் உங்களுக்கு வழியில்லை. மத்திய அரசின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 இல் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்து, கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தகவல்தொடர்புக்குச் சென்னை ஐஐடியிலும் மையங்கள் அமைந்துள்ளன. இத்தகைய மையம் எங்கு அமைந்தாலும், சிறு பட்டறைகள் குறைந்த கட்டணத்தில் தங்கள் உறுப்புகளைக் குளிரில் சோதித்துக்கொள்ள ஓர் இடமும், ஐடிஐ முடித்த டர்னருக்கும் வெல்டருக்கும் உதவித்தொகையோடு கருவிப் பயிற்சியும் அங்கே இருந்தாக வேண்டும். பெரிய கட்டடங்களுக்கு முன்பே இவை வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தெந்த உலோகங்களைக் கடைகிறீர்கள், எத்தனை மைக்ரான் வரை துல்லியம் கிடைக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். சிறு உறுப்புக்குக்கூட வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வாளர்கள் சிலரை அறிவேன். அவர்களிடம் உங்கள் கடிதத்தைச் சேர்ப்பிக்கிறேன்.

அன்புடன்