கலிவி கோடிக்காக மூன்று மணி நேரம்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குக் காரில் போனோம். கலிவி கோடி என்ற அரிய பறவை பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வரவே, ராஜம்பேட்டை தாண்டியதும் சித்தவட்டம் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அந்தப் பறவை வாழும் ஆந்திராவின் லங்கமல்லா காட்டோரம் இருட்டும்வரை நின்றோம். கைபேசியில் அதன் குரலையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள்; மனைவி பேச்சையே நிறுத்திக்கொண்டார். மூன்று மணி நேரம் போனது. கிளம்பும்போது முகப்பு விளக்கில் பெரிய மஞ்சள் கண்களோடு ஒரு பறவை நின்றது. அதுதானா? இல்லையென்றால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமா?

க., சென்னை

அன்புள்ள க.,

அது பெரும்பாலும் கண்கிலேடி. கோழியளவு உடம்பு, பருத்த முட்டி, மஞ்சள் விழி. நம் ஊர்ப் பொட்டல்களிலேயே உண்டு. கலிவி கோடி ஓரடி நீளம்கூட இருக்காது. மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள் ஓடும்.

கலிவி என்பது நம் களாச்செடி. கோடி, தெலுங்கில் கோழி. பிரிட்டிஷ் பறவையியலாளர் ஜெர்டன் 1848-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இந்தப் பறவை, 1900-க்குப் பிறகு கண்ணில் படாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1986-இல் ரெட்டிபள்ளி அருகே டார்ச் வெளிச்சத்தில் அதைக் கையால் பிடித்துக் காட்டியவர் உள்ளூர்க்காரர் ஒருவர். அந்த ஊரார் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அவர்களைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அதன் பிறகும் ஆய்வாளர்கள் பறவையைவிடக் காலடியைத்தான் தேடினார்கள். புதர்களுக்கிடையே பொடிமண்ணைப் பரப்பிச் சமன் செய்துவிட்டு, விடிந்ததும் குனிந்து பார்ப்பார்கள். முன்பக்கம் மூன்று விரல், பின்விரல் கிடையாது. கண்கிலேடிக்கும் அப்படியே, ஆகவே அளவெடுத்துத்தான் பிரித்தறிய வேண்டும். நானும் இரண்டு முறை போய் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவன்தான்.

பைத்தியக்காரத்தனமா என்கிறீர்கள். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று இந்தப் பறவையின் புதர்க்காட்டை அறுத்துக்கொண்டு போகவிருந்தது. இயந்திரங்கள் இறங்கித் தோண்டத் தொடங்கிய பிறகுதான் ஆய்வாளர்கள் கவனித்தார்கள்; கால்வாயின் பாதையே மாற்றப்பட்டது. உங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டமே இந்தப் பறவைக்காகச் சுற்றிப் போயிருக்கிறது. நீங்கள் மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள்!

ஆனால் கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டது தவறு. ஆய்வாளர்கள் செய்ததுதானே என்பீர்கள். அவர்கள் அனுமதி வாங்கி, அளவோடு செய்தார்கள். பொழுது சாய்ந்தபின் சிறிது நேரமே கூவும் பறவை அது. அந்த நேரத்தையும், கைபேசிக் குரலை இன்னொரு பறவை என்று நம்பி, இல்லாத எதிரியைத் தேடி ஓடிக் கழிக்க வைக்கலாமா?

மறுபடி போவதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசுங்கள், இருட்டில் உள்ளே இறங்காதீர்கள். ராஜம்பேட்டையிலேயே இட்லி கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியின் கோபத்துக்குக் காரணம் பறவை அல்ல என்றே நினைக்கிறேன்.