மலை உச்சியில இருக்கிற பழைய சர்வே குறிய எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேப்புல முக்கோணம் போட்டு உயரம் எழுதியிருக்கு, ஏறிப் பாத்தா கலைஞ்ச கல்லுக் குமியலும் ஒரு குழியும்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நீங்க தேடுற குறி, அதாவது நிலத்த அளந்தவங்க பாறையில வெட்டி வெச்ச அடையாளம், அந்தக் குழிக்குள்ளதாங்க இருக்கணும். உங்களுக்கு முன்னாடியே யாரோ புதையல்னு நெனச்சுத் தோண்டிட்டுப் போயிருக்கான்.

நான் இதுல படிச்சுப் பட்டம் வாங்குனவன் இல்ல, முன்கூட்டியே சொல்லிடுறேன். எங்க அப்பா சர்வே டிபார்ட்மென்ட்ல செயின்மேனா, அதாவது அளவுச் சங்கிலி புடிக்கிற ஆளா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அவரு சொல்லிக் கேட்டது, அவரு கூட ஏறிப் பாத்தது, கொஞ்சம் படிச்சது, அவ்ளோதான்.

முதல்ல ஜிபிஎஸ்ஸ நம்பி நேரா அந்தப் புள்ளியிலயே போயி நிக்காதீங்க. பழைய மேப்பெல்லாம் எவரெஸ்ட்டுங்கிற வெள்ளைக்கார சர்வேயர் கணக்கு வெச்ச பூமி அளவுல போட்டது, இப்ப போன்ல ஓடுறது வேற கணக்கு, அதனால பழைய மேப்புல இருக்கிற அட்சரேகை தீர்க்கரேகைய அப்படியே போன்ல அடிச்சா நூறு மீட்டருக்கு மேல கூட தள்ளிக் காட்டும். உச்சியில நூறு மீட்டர்னா சில மலையில அது அடுத்த பக்கத்துப் பள்ளம். எங்க அப்பா சொல்றது, "டேய், கீழ பாத்துத் தேடாத, நிமிந்து எதிர்ல இருக்கிற மலைங்களப் பாரு. எந்த இடத்துல நின்னா சுத்தி இருக்கிற எல்லா மலை உச்சியும் மறைக்காம தெரியுதோ அங்கதான் அளந்திருப்பான்." முக்கோணம் போட்டு அளக்குறதுன்னா ஒரு உச்சியில இருந்து இன்னொரு உச்சி தெரிஞ்சே ஆகணும், வேற வழி கிடையாது. நம்ம ஊருல சில மலையில அந்த மாதிரி பாறையிலதான் கார்த்திகை தீபமும் ஏத்துவாங்க, ஏன்னா அதுவும் நாலு ஊருக்குத் தெரியணும் இல்லையா, அதனால விளக்குத்தூண் இருந்தா அத சுத்தி மொதல்ல பாருங்க. சிமென்ட் போட்டு மூடியிருந்தா போச்சு.

நடு மத்தியானம் போகாதீங்க, செதுக்குனது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலையிலயோ சாயந்தரமோ வெயில் சாஞ்சு விழறப்போதான் நிழல் கட்டும். பாட்டில் தண்ணிய லேசா ஊத்துனா இன்னும் நல்லா தெரியும். சாக்பீஸ், பெயின்ட்டு, சுண்ணாம்பு எதுவும் தடவாதீங்க, போட்டோவுக்காகப் பண்றாங்க, பாத்தா பத்திக்கிட்டு வருது.

நாங்க ஏறுனது மதுராந்தகம் பக்கத்துல ஒரு மலை. அந்தப் பக்கம் கருங்குழியெல்லாம் லாம்ப்டன்கிற வெள்ளைக்கார சர்வே அதிகாரி அளந்த இடம், 1802 ஏப்ரல்ல பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவுல ஏழரை மைல் சங்கிலி புடிச்சு ஆரம்பிச்சாரே அதே அளவு. அந்தச் சங்கிலி சீன ராஜாவுக்குப் பரிசா போயிட்டு அவங்க வேணாம்னு திரும்பி வந்ததுன்னு அப்பாகிட்ட சொன்னேன், "அப்ப அதுவும் செகண்ட் ஹேண்டா, எங்களுக்கு ஆபீஸ்ல குடுத்தது மாதிரி"ன்னாரு.

உச்சியில கல்லெல்லாம் வாரி எறிஞ்சு கிடக்கு, நடுவுல முழங்கால் ஆழத்துக்குக் குழி. ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தரு வந்து, "என்னா சார், நீங்களும் புதையல் பார்ட்டியா?"ன்னாரு. அப்பா, "அட இல்லைய்யா, இது வெள்ளைக்காரன் காலத்து அளவுக் கல்லு"ன்னாரு. அதுக்கு அவரு, "அளவுக் கல்லு வயல்ல இல்ல இருக்கும், மலையில யாரு பட்டா கேட்டா?"

அப்பாவுக்குப் பதில் வரல, சிரிச்சிட்டாரு.

குழிக்குள்ள மண்ணக் கையால தள்ளிப் பாத்தோம். அடிப்பாறையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி, புள்ளியில மழைத்தண்ணி தேங்கி ஒரு எறும்பு மெதந்துச்சு. வட்டத்துல கால்வாசி உளி வெச்சுப் பேத்திருந்தாங்க. கொடுமை என்னன்னா, சர்வேக்காரங்க குறி போடுற முறையே அப்படித்தான், பாறையில ஒரு குறி வெட்டி, அதுக்கு மேல கல்லால மேடை கட்டி, கீழ இருக்கிற புள்ளிக்கு நேரா மேலயும் இன்னொரு குறி வெப்பாங்க. மேல இருக்கிறது அழிஞ்சாலும் கீழ இருக்கும்னு. தோண்டுறவன் ஒரு குறிய ஒடச்சா அதுக்கு நேர் கீழ இன்னொண்ணு வரும், சும்மா விடுவானா? பாறையையும் சேத்து ஒடைக்கிறான்.

வெள்ளைக்காரனுக்குக் கொடி புடிக்கிறியான்னு யாராச்சும் வருவீங்க, தெரியும். 1799ல திப்பு விழுந்த உடனே புடிச்ச நாட்டை அளக்கணும்னு கெளம்புனவங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அரை டன் தியோடலைட்ட, அதான் கோணம் அளக்குற கருவிய, இந்த மலைங்கள்ல தூக்கிட்டு ஏறுனது லாம்ப்டனா? நம்மாளுங்கதான். காட்டுக் காய்ச்சல்ல செத்தவங்கள்ல நெறைய பேருக்குப் பேரு கூட எழுதி வெக்கல. எங்க அப்பா மாதிரி ஆளுங்க. அதனாலதான் எனக்கு அந்த வட்டத்தப் பாத்தா கோவம் வருது.

சர்வே கல்லுன்னா நம்ம ஊருல யாருக்குமே மதிப்பு இல்லீங்க. எங்க கொல்லையில மேற்கால இருந்த எல்லைக்கல்லப் பக்கத்துக்காரரு புடுங்கி துணி துவைக்கப் போட்டிருக்காரு, கேட்டா மழையில சாஞ்சுதுங்குறாரு. கல்லைப் பாதுகாக்குறது நிலத்துக்காரன் பொறுப்புன்னு 1923லயே சட்டம் இருக்கு, ஆனா அளந்து திரும்ப நடச் சொல்லிப் பணம் கட்டிட்டு எங்க அப்பா ஆபீஸ் ஆபீஸா அலையுறாரு. ஆயுசு பூரா அடுத்தவன் நிலத்துல சங்கிலி புடிச்ச மனுஷன், அவரு நிலத்த அளக்க ஆள் இல்ல, இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு. சரி, இது உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்லாதது, விடுங்க.

டெல்டா பக்கம் இருக்கிறவங்க மலை இல்லையேன்னு கவலைப்படாதீங்க, அங்க கோபுரத்து மேல ஏறித்தான் அளந்தாங்க, 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல கயிறு அறுந்து தியோடலைட்டு சுவத்துல மோதினது பெரிய கதை. சமவெளியில பழைய சர்ச்சு, பாலம் இதுங்க பக்கத்துல அம்புக்குறி போட்ட பெஞ்ச் மார்க் கல்லு கிடைக்கும், அது உயரத்துக்கு வெச்சது, முக்கோணக் குறி வேற அது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

உங்க மலை ரிசர்வ் ஃபாரஸ்ட்டா இருந்தா அனுமதி வாங்கிட்டு ஏறுங்க, 2018 குரங்கணி காட்டுத்தீக்கு அப்புறம் ஃபாரஸ்ட்காரங்க ரொம்ப கறாரா இருக்காங்க. அடுத்த தடவை போறப்போ அந்தக் குழியில இருக்கிற மண்ணை மட்டும் லேசா தள்ளிப் பாருங்க, வட்டம் இருந்தா போட்டோ எடுத்துட்டு மண்ணையும் கல்லையும் திரும்பப் போட்டு மூடிடுங்க. நாங்க அதத்தான் பண்ணோம், அந்தப் பெரியவரும் கூட நின்னு கல்லு எடுத்துக் குடுத்தாரு. எந்த மலைன்னு மட்டும் கமென்ட்ல கேக்காதீங்க, உளியோட கெளம்பிடுவாங்க.