பெட் கட்டின காசு ஸ்டேட்மெண்டில கிடக்கு, வீட்டு லோன் கிடைக்குமோ?

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாங்கில கன வருசம் லோன் மேசையில இருந்தனான், ஆக்களின்ர ஸ்டேட்மெண்டை வரி வரியா வாசிக்கிறதுதான் வேலை. வீட்டுக் கடன் பற்றி கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு வந்த கேள்வியளில பாதிக்கு மேல ஃபோனில பெட் அடிக்கிற கதை. அதால முதல்ல அதுகளுக்குச் சொல்லுறன்.

விசுவமடு, ஒரு தம்பி: அக்கா, அரசாங்க வேலை, கையில 92,000 வருது. பைக் லீசிங் 14,500. நாலு மாசமா கிரிக்கெட்டுக்கு ஆப்பில பெட் கட்டினனான், மாசம் 22,000 மட்டில போயிருக்கு. கிறிப் (கடன் தகவல் பணியகத்தின்ர ரிப்போர்ட்) கிளீன். 20 இலட்சம் கேட்டா மாட்டன் எண்டுவினமோ?

தம்பி, கிறிப் ரிப்போர்ட்டில நீங்க எடுத்த லோன், லீசிங், கிரெடிட் கார்ட், ஆருக்காவது பிணை நிண்டது, தவணை பிந்தினது இதுகள்தான் வரும், பெட் கட்டினது வராது. ஆனா லோனுக்கு கிறிப் மட்டும் பாக்கிறேல்லை, பொதுவா ஆறு மாச ஸ்டேட்மெண்டும் கேப்பினம், அங்கதான் எல்லாம் கிடக்கும். கார்ட்டால கட்டியிருந்தா ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நாலு இலக்க கோட் ஒண்டு இருக்கு, சூதாட்டத்துக்கு 7995, பேரை மாத்திப் போட்டாலும் அந்த கோட் கனநேரம் பாங்குக்குக் காட்டிக் குடுத்திடும். ஆரோ ஒராளின்ர கணக்குக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக் கட்டினாலும் அது பாக்கிற கண்ணுக்குத் தெரியும். நான் பாத்த ஒரு ஸ்டேட்மெண்ட் இப்பவும் மனசில நிக்குது, 25ஆம் திகதி சம்பளம் விழுது, அண்டைக்கே 2,000, பிறகு 1,000, 1,000, 3,000, எல்லாம் முன்பின் தெரியாத பேருகளுக்கு, 29ஆம் திகதி மிச்சம் 640 ரூபா. மனேஜர் அந்த 640ஐ பென்சிலால வட்டம் போட்டு என்னட்ட நீட்டினார், வேற ஒண்டும் கதைக்கேல்லை.

இப்ப உங்கட கணக்குக்கு வாறன். 12 வீத வட்டி எண்டு வைச்சா, 20 இலட்சத்துக்கு 15 வருசத்தில மாசத் தவணை ஏறக்குறைய 24,000. 92,000இல லீசிங் போக 77,500, தவணையும் போக 53,500. இதில குடும்பம் ஓடும் எண்டுதான் பாங் முதல்ல நினைக்கும். பிறகு 22,000 பெட்டைக் கழிச்சா மிஞ்சிறது 31,500, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், சாப்பாடு, பெற்றோல், கரண்ட் பில் எல்லாம் அதுக்குள்ள. நல்லவரோ கெட்டவரோ எண்டு பாங் யோசிக்கிறேல்லை, பதினைஞ்சு வருசமும் அந்தத் தவணை வந்து சேருமோ எண்டுதான் யோசிக்கும். இப்ப போய்க் கேட்டா தொகையைக் குறைப்பினம், இல்லாட்டி ஆறு மாசத்தால வாங்கோ எண்டுவினம். அதால இண்டைக்கே ஆப்பை அழிச்சுப்போட்டு, அந்த 22,000ஐயும் மாசா மாசம் சம்பளம் விழுந்த அடுத்த நாளே ஒரு சேமிப்புக் கணக்குக்குப் போடுங்கோ, ஆறு மாசத்தில 132,000 சேரும், தவணையளவு காசு ஒதுக்கக் கூடிய ஆள் எண்டதுக்கு அந்த ஸ்டேட்மெண்டே சாட்சி. கேள்வி வந்தா மறைக்காமல் "கட்டினனான், விட்டிட்டன்" எண்டு நேர சொல்லுங்கோ.

பரந்தன்: ஏடிஎம்மில காசா எடுத்து கட்டினா தெரியாதுதானே? இல்லாட்டி வேற பாங்கில ஒரு கணக்கு திறந்து?

சம்பளம் விழுந்து ரெண்டு நாளில 40,000 காசா எடுத்தா அதுக்கும் கேள்வி வரும். மற்றக் கணக்குக்கு காசு போறது இந்த ஸ்டேட்மெண்டில தெரியும், உடன அந்த ஸ்டேட்மெண்டையும் கொண்டு வாங்கோ எண்டுவினம். முக்கியமா ஃபோமில பொய் எழுதி கையெழுத்து வைக்காதேங்கோ, ஸ்டேட்மெண்டை கொம்பியூட்டரில திருத்திக் குடுக்காதேங்கோ, அது மோசடி, பொலிஸ் வரைக்கும் போகும்.

புதுக்குடியிருப்பு, ஒரு ஐயா: நான் நாளாந்தம் ஒரு லொத்தர் டிக்கெட் எடுக்கிறனான் பிள்ளை, அதுவும் பிழையோ?

கையில காசு குடுத்து ஒரு டிக்கெட் எடுக்கிறதை ஒருத்தரும் தேடமாட்டினம் ஐயா.

செட்டிகுளம்: பெட்டில 4 இலட்சம் வெண்டு கணக்கில கிடக்கு. வருமானமா காட்டலாமோ?

வருமானமா எடுக்கவே மாட்டினம், ஏனெண்டா அடுத்த மாசம் வருமெண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. கையிருப்பா காட்டினாலும் எங்கயிருந்து வந்தது எண்டு கேப்பினம். இந்த ஆப்புகள் வெண்ட காசை கனநேரம் தனி ஆக்களின்ர கணக்கிலயிருந்துதான் அனுப்புது, அது ஆற்ற காசு, என்ன காசு எண்டு உங்களுக்கே தெரியாது. 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி சந்தேகமான கொடுக்கல் வாங்கலை பாங் அறிவிச்சே ஆக வேணும். அதோட, உங்கட கணக்கையோ கார்ட்டையோ இப்பிடிக் காசு மாத்த இன்னொராளுக்கு வாடகைக்குக் குடுக்காதேங்கோ தம்பிமாரே, பொலிஸ் முதல்ல தேடி வாறது கணக்குக்காரரைத்தான்.

லண்டன், சொந்த இடம் முள்ளியவளை: அக்கா, இஞ்ச மோர்ட்கேஜுக்கும் இப்பிடித்தானோ?

அடிப்படை ஒண்டுதான் தம்பி. அங்க பொதுவா மூண்டு மாச ஸ்டேட்மெண்ட் கேக்கினம். உங்கட கிரெடிட் ஃபைலில பெட் கட்டினது எண்டு ஒரு வரியும் வராது, ஆனா பெட்டால ஓவர்ட்ராஃப்டில நிண்டதும் பேடே லோன் (அடுத்த சம்பளம் வரைக்கும் எடுக்கிற குறுங்கடன்) எடுத்ததும் வரும். கிரெடிட் கார்ட்டால சூதாடுறதை அங்க 2020 ஏப்ரல் 14இலயிருந்தே தடை செய்திட்டினம். கேம்ஸ்டொப் (GAMSTOP) எண்ட ஒன்லைன் சூதாட்டத் தடுப்புத் திட்டத்தில பதிஞ்சு உங்களை நீங்களே தடுத்தா லோன் குடுக்கிறவைக்குத் தெரிஞ்சிடுமோ எண்டு கனபேர் பயப்பிடுகினம், அது கிரெடிட் ஃபைலில வராது, பயப்பிடாமல் பதியுங்கோ.

மல்லாவி, ஒரு தங்கச்சி: அக்கா, நான் டீச்சர். காணி என்ர சீதனம், உறுதிக் காணி. அவர் ஃபோனில விளையாடி என்ர சங்கிலியையும் அடைவு வைச்சிட்டார், அவற்ற லீசிங்கும் மூண்டு மாசம் பிந்திக் கிடக்கு. ரெண்டு பேரும் சேந்துதான் லோன் கேக்க வேணும் எண்டு நிக்கிறார்.

தங்கச்சி, வாசிச்சுப்போட்டு கனநேரம் சும்மா இருந்தனான். சேந்து கேட்டா அவற்ற கிறிப்பும் அவற்ற ஸ்டேட்மெண்டும் உங்கடதோட ஒரே ஃபைலுக்குள்ள வரும், மூண்டு மாசப் பிந்தலோட அது அங்கயே நிண்டு போகக்கூடும். உங்கட சம்பளத்தில மட்டும் எவ்வளவு கிடைக்கும் எண்டு முதல்ல தனியப் போய்க் கேளுங்கோ, தொகை குறையும், ரெண்டு அறையும் குசினியுமா துவங்குங்கோ, மிச்சத்தைப் பிறகு கட்டலாம்.

ஆனா ஒரு விசயம், எங்கட பக்கம் தேசவழமை, அதாவது வடக்குத் தமிழருக்கான சொத்துச் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுசி தன்ர காணியை ஈடு வைக்கிறதுக்கும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். அதால நொத்தாரிசிட்ட அவற்ற கையெழுத்துத் தேவைப்படும். அது சம்மதத்துக்கு மட்டும் வைக்கிற கையெழுத்து, கூட்டுக் கடன்காரரா வைக்கிறது வேற, ரெண்டையும் குழப்பி ஒரே இடத்தில கையெழுத்து வாங்கிடுவினம், ஒவ்வொரு தாளையும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தா மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கலாம், சட்டத்தரணி ஒராளைப் பாருங்கோ. லோன் காசு வேலை முடிய முடிய பகுதி பகுதியாத்தான் வரும், அது உங்கட தனிக் கணக்குக்கே விழட்டும், கார்ட்டும் பின் நம்பரும் உங்களிட்டயே இருக்கட்டும்.

அவருக்கு இது வருத்தம் மாதிரித்தான் தங்கச்சி, ஏசி நிப்பாட்ட ஏலாது. தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926க்கு அடிச்சுக் கதைக்கலாம், அவர் மாட்டன் எண்டா நீங்க அடியுங்கோ, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். பாங்குக்குக் குடுக்கும் வரைக்கும் காணி உறுதியை வீட்டு அலுமாரியில வைக்காதேங்கோ, இண்டைக்கே கொண்டு போய் அம்மாவிட்ட குடுத்து வையுங்கோ.